இரண்டாவது பேட்டரி மூன்றாம் நாள் விடியலில் கைவிடுகிறது: வயரிங், சார்ஜிங், கண்காணிப்பு

மணல்தடம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய நான்கு சக்கர இயக்க டீசல் வண்டியில் ஓராண்டுக்கு முன் இரண்டாவது பேட்டரியைப் பொருத்தினேன். பானட்டுக்குள் வண்டியோடு வந்த ஸ்டார்ட்டிங் பேட்டரி இருக்கிறது; பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் 100 ஆம்பியர்-மணி கொண்ட ஏஜிஎம் பேட்டரி (அமிலம் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும் மூடிய ஈயப் பேட்டரி) இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில், மின்னழுத்தத்தைப் பார்த்துத் தானாகச் சேர்ந்து பிரியும் ரிலே ஒன்றை வைத்திருக்கிறேன். அது 13.3 வோல்ட்டில் சேரும், 12.8 வோல்ட்டில் பிரியும். முன்னாலிருந்து பின்னால் வரை சுமார் 5 மீட்டர் தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் பாசிட்டிவ் வயர் ஓடுகிறது. நெகட்டிவை பின்புறத்திலேயே பாடியில் ஒரு போல்ட் போட்டு எர்த் செய்துவிட்டேன்.

பின்பேட்டரியில் 45 லிட்டர் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ், சில எல்இடி விளக்குகள், இரண்டு கைபேசிகள் ஆகியவை ஓடுகின்றன. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரமாவது வண்டி ஓட்டுகிறேன். முதல் இரவு எந்தக் குறையும் இல்லை. இரண்டாம் இரவும் கடந்துவிடுகிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் நின்று, குறைந்த மின்னழுத்தம் என்று பிழை காட்டுகிறது. பின்புறச் சாக்கெட்டில் செருகியிருக்கும் சிறிய வோல்ட்மீட்டர் அப்போது 12.1 காட்டுகிறது. ஃப்ரிட்ஜின் கையேடோ 10.4 வோல்ட் வரை அது ஓடும் என்கிறது. கடந்த மூன்று பயணங்களிலும் இதே கதைதான். பேட்டரி பழுதாகிவிட்டதா, அல்லது இன்னொரு 100 ஆம்பியர்-மணி பேட்டரியை இணையாகச் சேர்த்தால் சரியாகுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

செம்புக்கம்பி

நண்பரே, இன்னொரு பேட்டரி வாங்குவதைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பேட்டரியின் அளவு போதாமல் இது நடக்கவில்லை. பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டியது வந்து சேரவில்லை. திரும்பி வராத வரவுக்குப் பாத்திரத்தைப் பெரிதாக்கினால், மூன்றாம் நாள் வரும் தொல்லை சில நாள் தள்ளி வரும், அவ்வளவுதான்.

கணக்கை முதலில் போட்டுவிடுவோம். அந்த அளவு ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4 முதல் 5 ஆம்பியர் எடுக்கும். வெயிலையும், எத்தனை முறை திறக்கிறீர்கள் என்பதையும் பொறுத்து நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஓடும் என்று வைத்தால், 35 ஆம்பியர்-மணி ஆகிறது. விளக்கும் கைபேசியும் சேர்ந்து இன்னொரு 10. ஆக ஒரு நாள் செலவு 45. பகலில் வண்டி ஓடும்போது 32 மட்டுமே திரும்பினால், பேட்டரியின் நிலை 100-லிருந்து 55-க்கு இறங்கி 87-க்கு ஏறும். பிறகு 42-க்கு இறங்கி 74-க்கு ஏறும். மூன்றாம் விடியலில் 29-க்கு வந்து நிற்கும். ஓய்வில் இருக்கும் ஏஜிஎம் பேட்டரி 12.1 வோல்ட் காட்டினால் அதன் உள்ளே ஏறக்குறைய அவ்வளவுதான் மிச்சம் இருக்கும். நீங்கள் கண்டதும் இந்தக் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்திப் போகின்றன.

இப்போது 10.4 பற்றி. உங்கள் மீட்டர் காட்டிய 12.1, ஃப்ரிட்ஜ் நின்ற பிறகு, சுமை இல்லாமல் பேட்டரி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்த எண். கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் பேட்டரி முனையிலேயே 11.8 இருந்திருக்கலாம். அங்கிருந்து ஃப்ரிட்ஜ் வரை மெல்லிய வயரிலும் சாக்கெட்டிலும் இன்னும் அரை வோல்ட் போயிருந்தால் ஃப்ரிட்ஜ் கண்டது 11.3. அதோடு, பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் பேட்டரிப் பாதுகாப்புக்கு மூன்று நிலைகள் உண்டு. உயர்ந்த நிலையில் வைத்திருந்தால் 11 வோல்ட்டுக்கு மேலேயே அது நின்றுவிடும். அந்த நிலை, ஸ்டார்ட்டிங் பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜை ஓட்டுபவர்கள் காலையில் வண்டி கிளம்பாமல் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்டது. 10.4 என்பது தாழ்ந்த நிலைக்கான எண். உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்து, ஒரு மல்டிமீட்டரை எடுத்து நான்கு அளவுகளை எடுத்துப் போடுங்கள். எஞ்சின் ஓட வேண்டும். ஃப்ரிட்ஜும் விளக்குகளும் ஓட வேண்டும். பின்பேட்டரி ஓரளவு காலியாக இருக்க வேண்டும். நிறைந்த பேட்டரி மின்னோட்டமே இழுக்காது. மின்னோட்டம் இல்லாத வயரில் இழப்பும் தெரியாது.

முதலில் முன்பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே. பிறகு பின்பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே. மூன்றாவதாக, நீளமான ஒரு வயரின் உதவியோடு மீட்டரின் ஒரு புரோபை (தொடும் ஊசியை) முன் பாசிட்டிவிலும் மற்றதைப் பின் பாசிட்டிவிலும் வையுங்கள். நான்காவதாக, அதையே நெகட்டிவுக்கும் செய்யுங்கள். கடைசி இரண்டு அளவுகளையும் யாரும் எடுப்பதே இல்லை. நோய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. புரோபை லக்கின் (வயர் நுனியில் அழுத்திய உலோக வளையத்தின்) மேல் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே அழுத்தி வையுங்கள். லக்குக்கும் முனைக்கும் நடுவில் இருக்கும் குறையும் அப்போதுதான் கணக்கில் வரும்.

காட்டுவழி

செம்புக்கம்பி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மணல்தடம், உங்கள் வண்டி புதியதா? அண்மைக் காலத்து டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியின்) மின்னழுத்தத்தை எஞ்சின் கணினியே தீர்மானிக்கிறது. கிளம்பியதும் 14-க்கு மேல் கொடுக்கும். முன்பேட்டரிக்குப் போதும் என்று கணினி நினைத்தவுடன், எரிபொருளை மிச்சப்படுத்த 12.5-க்கு அருகே இறக்கிவிடும். சரிவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வீணாகப் போகும் வேகத்தை மின்சாரமாகப் பிடித்துக்கொள்ள 15 வோல்ட் வரை ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு நடுவில் 12.8-ல் பிரியும் ரிலே எத்தனை நேரம் சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு மணி நேரம் வண்டி ஓடியிருக்கலாம். பின்பேட்டரி இணைந்திருந்தது அதில் ஒரு மணி நேரமாக இருக்கலாம்.

ஆகவே எஞ்சின் கிளம்பியவுடன் ஒரு முறை அளந்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இருபது நிமிடம் ஓட்டிய பிறகு, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஓடும்போதே படிக்கச் சொல்லுங்கள்.

ஆறாம்கியர்

இடையில் ஒரு சிறு கேள்வி. எனக்கும் இதே போன்ற திட்டம் இருக்கிறது. இரண்டு பேட்டரிகளையும் ரிலே இல்லாமல் நிரந்தரமாக இணைத்துவிட்டால் என்ன? சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சை எந்தப் பேட்டரியில் இணைப்பது?

செம்புக்கம்பி

நிரந்தரமாக இணைத்தால் ஃப்ரிட்ஜ் இரண்டையும் சேர்த்தே காலி செய்யும். ஆள் இல்லாத இடத்தில் காலையில் செல்ஃப் எடுக்காமல் நிற்பீர்கள். இரண்டாவது பேட்டரியை வைப்பதே ஸ்டார்ட்டிங் பேட்டரியைத் தொடாமல் காப்பதற்குத்தான். வின்ச் முழுச் சுமையில் 300, 400 ஆம்பியர் வரை இழுக்கும்; அதை எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது முன்பேட்டரியிலிருந்து, அதற்குரிய தடித்த கேபிளில் இயக்குங்கள். பின்பேட்டரிக்குப் போகும் வயரை அந்த வேலைக்குக் கனவிலும் நினைக்க வேண்டாம்.

மணல்தடம்

இருவருக்கும் நன்றி. ஃப்ரிட்ஜ் உயர்ந்த பாதுகாப்பு நிலையில்தான் இருந்தது. தாழ்ந்த நிலைக்கு மாற்றிவிட்டேன். பேட்டரியை ஓரிரவு பாதி வரை இறக்கிவிட்டு இன்று காலையில் அளந்தேன்.

எஞ்சின் கிளம்பிய இரண்டாவது நிமிடத்தில் முன்பேட்டரி 14.3, பின்பேட்டரி 13.2. பாசிட்டிவ் பக்கம் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே 0.4, நெகட்டிவ் பக்கம் 0.7. நண்பர் ஒருவரிடம் வாங்கிய கிளாம்ப் மீட்டரில் அப்போது ஓடிய மின்னோட்டம் 22 ஆம்பியர்.

இருபது நிமிடம் ஓட்டிய பிறகு முன்பேட்டரி 12.6-க்கும் 12.9-க்கும் நடுவே அலைந்தது. நீண்ட சரிவு ஒன்றில் 14.9-க்குத் தாவியது. காட்டுவழி அவர்கள் சொன்னபடியே ரிலே விட்டு விட்டுச் சேர்ந்து பிரிவது காதிலேயே கேட்டது. இத்தனை நாளும் அந்தச் சத்தத்தை ரிலே ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

செம்புக்கம்பி

மிக நன்றாக அளந்திருக்கிறீர்கள். இரண்டு தனித்தனி நோய்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் தீர்த்தால் மற்றது அதை மறைத்துவிடும்.

பாசிட்டிவ் பக்கத்து 0.4 எதிர்பார்த்ததுதான். செம்பின் தடை, ஒரு சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். ஐந்து மீட்டரை 6-ஆல் வகுத்தால் 0.0146 ஓம், அதில் 22 ஆம்பியர் ஓடினால் 0.32 வோல்ட் போகிறது. மீதமுள்ள 0.08 ரிலேயின் தொடுமுனையிலும் ஃப்யூஸிலும் போகிறது. வயர் மெல்லியது, ஆனால் பொய் சொல்லவில்லை.

நெகட்டிவ் பக்கத்து 0.7 தான் கவலை தருகிறது. பாடியின் இரும்புத் தகடு அவ்வளவு தடையைக் கொடுக்காது. அது முழுக்க ஏதோ ஓர் இணைப்பில் விழுகிறது. 0.7 வோல்ட்டை 22 ஆம்பியரால் பெருக்கினால் 15 வாட்டுக்கு மேல் வருகிறது. அவ்வளவு வெப்பமும் ஒரே போல்ட்டில் உண்டாகிறது. அரை மணி நேரம் சார்ஜ் ஆனதும் அந்த போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள், கை சொல்லிவிடும். பக்கத்தில் கார்ப்பெட்டோ பஞ்சோ இருந்தால் இப்போதே விலக்குங்கள்.

இந்த இழப்பு ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏஜிஎம் பேட்டரி நிறைவதற்கு அதன் முனையிலேயே 14.4 முதல் 14.7 வோல்ட் வேண்டும். 13.2 கிடைத்தாலும் ஏதோ ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் பேட்டரியின் சொந்த மின்னழுத்தம் அந்த 13.2-ஐ நெருங்க நெருங்க மின்னோட்டம் சுருங்கிப்போகும். மீட்டரைப் பார்ப்பவருக்கு 13-க்கு மேல் தெரிவதால் சார்ஜ் ஆகிறது என்ற நம்பிக்கை வரும். உள்ளே, முழுதாக நிறையாத தகடுகளில் சல்ஃபேட் கெட்டிப்படத் தொடங்கும்.

மணல்தடம்

போல்ட் சுட்டது, விரலை வைத்திருக்க முடியவில்லை. கழற்றினேன். லக்குக்கு அடியில் தகட்டின் பெயின்ட் அப்படியே இருந்தது. ஓராண்டாகத் தொடர்பு இருந்தது போல்ட்டின் மரை வழியாக மட்டும்தான். மரையைச் சுற்றிக் கறுத்த வளையம் ஒன்று படிந்திருந்தது. லக்கைச் சற்று இழுத்ததும் செம்பு இழைகளில் ஒரு கொத்து கையோடு வந்துவிட்டது. நுனியில் பச்சை படிந்திருந்தது. அதைக் குறடு வைத்து நசுக்கியது நான்தான்.

தகட்டைப் பளபளவென்று வெளிறும் வரை சுரண்டி, அறுகோண கிரிம்பிங் கருவியில் புதிய லக்கை அழுத்தி, பசையுள்ள வெப்பச் சுருக்குக் குழாய் போட்டு, இறுக்கிய பிறகு மேலே துரு தடுக்கும் பூச்சு பூசினேன். அதே 20 ஆம்பியர் அளவில் இப்போது நெகட்டிவ் இழப்பு 0.09.

ஓர் ஐயம்: லக்கை ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தால் இன்னும் உறுதியாக இருந்திருக்காதா?

உப்புக்காற்று

படகுகளில் மின்வேலை பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன். அதிரும் இடத்தில் பற்றவைத்த லக் நல்லதல்ல. உருகிய ஈயம் இழைகளுக்குள் ஊறி ஓடிக் கொஞ்ச தூரத்துக்கு வயரைக் கம்பிபோல் விறைப்பாக்கிவிடும்; விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் அந்தக் கோட்டில் ஒவ்வொரு குலுக்கலும் வந்து மோதி, இழை இழையாக முறியும். சரியான அளவு அச்சில் அழுத்திய கிரிம்ப் போதும். அதற்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள் வயரைக் கிளிப் போட்டுப் பிடித்துவிடுங்கள். லக் வயரின் எடையைச் சுமக்கக் கூடாது.

ஃப்யூஸைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. முன்னும் பின்னும் பேட்டரி இருக்கும் வயருக்கு இரண்டு பக்கமும் ஃப்யூஸ் வேண்டும். முன்பக்கம் மட்டும் வைத்தால், நடுவில் தகட்டின் விளிம்பில் வயர் உரசிக் காப்பு தேய்ந்த அன்று பின்பேட்டரி தன் முழு வலிமையையும் அதில் கொட்டும். முன் ஃப்யூஸ் பறந்த பிறகும் வயர் எரிந்துகொண்டே இருக்கும். ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஃப்யூஸ் காப்பது கருவியை அல்ல, வயரை. எனவே அதன் அளவை வயரின் தாங்குதிறனைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் ஆகியவற்றோடு சேர்த்துக் கட்டாமல், நெளிகுழாய்க்குள் விட்டு, தகட்டைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

காட்டுவழி

எர்த் சரியாகிவிட்டது, ஆனால் ஆல்டர்னேட்டரின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்கிறது. அதற்கு மருந்து, ரிலேயின் இடத்தில் வைக்கும் டிசி–டிசி சார்ஜர்தான். உள்ளே 12.2 வந்தாலும் 14.9 வந்தாலும் வெளியே பேட்டரிக்கு வேண்டிய 14.4-ஐ அது கொடுக்கும். மின்னழுத்தத்தைப் பார்த்துக் கிளம்பும் வகை உங்கள் வண்டியில் தடுமாறும். இக்னிஷன் போட்டால் மட்டும் உயிர்பெறும் கம்பி ஒன்றிலிருந்து அதற்குச் சைகை கொடுங்கள்.

என் அனுபவத்தில் இன்னும் ஒரு படி போய் லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் பேட்டரிக்கு மாறிவிடுவது மேல். எடை பாதிக்கும் கீழே. 100 ஆம்பியர்-மணியில் 80, 90 வரை தயங்காமல் எடுக்கலாம். கடைசிச் சொட்டு வரை வேகமாக நிரம்பும். இரண்டு ஆண்டுகளாக எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

செம்புக்கம்பி

லித்தியத்தின் நன்மைகளை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையில் கேட்கப்பட்ட நோய்க்கு அது மருந்தல்ல என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மணல்தடம் அந்த எர்த் போல்ட்டைச் சரிசெய்யாமல் லித்தியம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதன் உள்தடை மிகக் குறைவு, கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். 15 வாட்டில் சுட்ட போல்ட் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு சுட்டிருக்கும்.

ஆல்டர்னேட்டருக்கும் அதே ஆபத்துதான். ஈயப் பேட்டரி நிறைய நிறையத் தானே இழுப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஆல்டர்னேட்டருக்கு ஓய்வு கிடைக்கும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும் வரை விடாமல் இழுக்கும். எஞ்சின் மெதுவாகச் சுழலும் நேரத்தில் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகவே சுழலும். முழு மின்னோட்டமும் குறைந்த காற்றுமாகச் சேர்ந்தால் சுருள் வெந்துவிடும். நடுவில் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று திடீரென்று துண்டித்தாலோ, அந்த நொடியில் எழும் மின்னழுத்தத் தாவல் மற்ற மின்னணுக் கருவிகளைத் தாக்கும். எனவே லித்தியம் என்றால் டிசி–டிசி சார்ஜர் கட்டாயம். ரிலேயில் நேராக இணைக்கவே கூடாது.

மேலும், 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதை சார்ஜ் செய்தால் ஆனோடின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். எஞ்சின் அறையின் வெக்கையும் அதற்கு ஆகாது. ஏஜிஎம் பேட்டரிக்கும் ஆகாதுதான்: வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஈயப் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. மணல்தடம் பேட்டரியைப் பின்னால் வைத்தது நல்ல முடிவு.

காட்டுவழி

ஒப்புக்கொள்கிறேன். என்னுடையதிலும் டிசி–டிசி சார்ஜர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் பேட்டரியை மட்டும் பரிந்துரைத்தது தவறு. இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்: லித்தியத்தில் வோல்ட்மீட்டர் ஏறக்குறையப் பயனற்றது. 90 சதவீதத்திலிருந்து 20 சதவீதம் வரை 13.3-க்கும் 12.9-க்கும் நடுவிலேயே நகராமல் நிற்கும். பிறகு செங்குத்தாக விழும். பேட்டரிக்குள் வருவதையும் போவதையும் எண்ணும் ஷண்ட் இல்லாமல் அதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

மணல்தடம்

இப்போதைக்கு ஏஜிஎம் பேட்டரியையே வைத்துக்கொண்டு 25 ஆம்பியர் டிசி–டிசி சார்ஜரைப் பொருத்த முடிவு செய்துள்ளேன். 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம்முக்கு அது அளவோடு இருக்கும் என்று நினைக்கிறேன். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போதுமா? கண்காணிப்புக்கு ஷண்ட் வாங்கலாமா, அல்லது புளூடூத்தில் மின்னழுத்தம் காட்டும் சிறு கருவி போதுமா?

செம்புக்கம்பி

வயரை மாற்றுங்கள். 25 ஆம்பியரை 14.4 வோல்ட்டில் கொடுக்க 360 வாட் வேண்டும். சார்ஜரின் சொந்த இழப்பையும் சேர்த்து 400 வாட் உள்ளே போக வேண்டும். சார்ஜரின் வாயிலில் 12.2 இருந்தால் 33 ஆம்பியர் ஆகிறது. சார்ஜர் பிடிவாதமானது: மின்னழுத்தம் குறைந்தால் அதை ஈடுகட்ட மின்னோட்டத்தைக் கூட்டும், கூட்டினால் வயரில் இழப்பு கூடும், இழப்பு கூடினால் மறுபடியும் கூட்டும். பிறகு வாயிலில் மின்னழுத்தம் போதவில்லை என்று நின்று நின்று ஓடும். 16 சதுர மில்லிமீட்டரில் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் முன்னாலிருந்து இழுத்தால், போக வர 10 மீட்டருக்கு இழப்பு 0.36 வோல்ட். இரு முனையிலும் 60 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். சார்ஜரைப் பின்பேட்டரிக்கு அருகிலேயே, காற்று படும் இடத்தில் பொருத்துங்கள். அது நன்றாகச் சூடாகும்.

முன்பக்கம் நெகட்டிவை எங்கே மாட்டுவது என்பதில் கவனம் வேண்டும். உங்களுடையதைப் போன்ற வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே சிறு சென்சார் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். நீங்கள் அதைத் தாண்டி நேராக ஈய முனையில் மாட்டினால், போகும் மின்னோட்டம் கணினியின் கண்ணில் படாது. அது தவறாகக் கணக்கிட்டு முன்பேட்டரியைப் பட்டினி போடும். சென்சாருக்கு அந்தப் பக்கம், பாடியோடு சேரும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள்.

உப்புக்காற்று

கண்காணிப்பைப் பற்றி நான் எழுதுகிறேன். ஷண்டே வாங்குங்கள். மின்னழுத்தம் மட்டும் காட்டும் கருவி, பேட்டரி பல மணி நேரம் ஓய்வில் இருந்தால் ஒழிய உண்மை பேசாது. ஃப்ரிட்ஜ் ஓடினால் குறைத்துச் சொல்லும், சூரியப் பலகை வேலை செய்தால் கூட்டிச் சொல்லும். ஷண்ட் அப்படியல்ல. பரவலாகக் கிடைக்கும் 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட் ஷண்ட் என்பது 0.0001 ஓம் தடை கொண்ட ஒரு தடித்த உலோகத் துண்டு. ஃப்ரிட்ஜின் 5 ஆம்பியர் அதன் வழியே போகும்போது அரை மில்லிவோல்ட் உண்டாகும். அதை நொடிக்கு நொடி அளந்து, வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும்.

பொருத்தும்போது மீறக் கூடாத விதி ஒன்றுதான்: பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷண்டுக்குப் போகும் ஒரே ஒரு கேபிளைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. மற்ற எல்லா நெகட்டிவும் ஷண்டின் மறுபக்கத்தில் சேர வேண்டும்.

அமைப்புகளில் பலரும் சறுக்குவார்கள். ஈயப் பேட்டரியிலிருந்து வேகமாக எடுத்தால் மொத்தத்தில் குறைவாகவே கிடைக்கும்; இதைக் கணித வாய்பாடாக 1897-ல் எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பாய்க்கர்ட். அந்த வாய்பாட்டின் எண் அவர் பெயரிலேயே கருவியில் இருக்கும். ஏஜிஎம்முக்கு 1.1 முதல் 1.15 வரை, சாதாரண அமிலப் பேட்டரிக்கு 1.2-க்குச் சற்று மேலே, லித்தியத்துக்கு 1.05 என்று வையுங்கள். போட்டதெல்லாம் திரும்பக் கிடைக்காது என்பதால் சார்ஜ் திறன் என்ற எண்ணும் உண்டு. ஏஜிஎம்முக்கு 90 சதவீதத்துக்கு அருகிலும், லித்தியத்துக்கு 99-க்கு அருகிலும் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது, பேட்டரி நிறைந்துவிட்டது என்று கருவி எப்போது முடிவு செய்ய வேண்டும் என்பது. மின்னழுத்தம் 14.2-க்கு மேல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் உள்ளே போகும் மின்னோட்டம் 2 ஆம்பியருக்குக் கீழே இறங்கி, சில நிமிடமாவது அப்படியே நிற்க வேண்டும். மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க விட்டால், சார்ஜர் கிளம்பிய அரை மணியில் 100 சதவீதம் என்று காட்டும். அந்தப் பொய் எண்ணை நம்பிக் காட்டுக்குள் போவீர்கள்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. ஏஜிஎம் பேட்டரியின் கடைசி 20 சதவீதம் ஏறுவதற்கு மூன்று, நான்கு மணி நேரமாவது ஆகும். சார்ஜர் எவ்வளவு பெரியதானாலும் பேட்டரி அதற்கு மேல் வாங்காது. பயணத்தின் நடுவில் வண்டி ஓட்டத்தில் மட்டும் அது முழுதாக நிறைவது அரிது. வீடு திரும்பியதும் மின்சார சார்ஜரில் ஓரிரவு முழுக்கப் போடுங்கள். தகடுகளும் தேறும், ஷண்டின் கணக்கும் 100-ல் புதிதாகத் தொடங்கும். பல வாரம் இப்படி முழுதாக நிறைக்காமல் விட்டால் ஷண்டின் எண் மெல்ல மெல்ல உண்மையை விட்டு விலகும்.

மணல்தடம்

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்து, ஐந்து நாள் பயணம் ஒன்றையும் முடித்துத் திரும்பியிருக்கிறேன்.

ஃப்ரிட்ஜின் சாக்கெட்டுக்குப் போன 1.5 சதுர மில்லிமீட்டர் வயரையும் எடுத்துவிட்டு 6 போட்டேன். சிகரெட் லைட்டர் வகைச் சாக்கெட்டுக்குப் பதிலாகப் பூட்டிக்கொள்ளும் வகைச் சாக்கெட்டை வைத்தேன். கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரி முனைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இடையே முன்பு அரை வோல்ட்டுக்கு மேல் போனது, இப்போது 0.12.

பயணத்தில் மூன்றாம் நாள் விடியலில் ஷண்ட் 61 சதவீதம் காட்டியது. ஐந்தாம் நாள் காலையில் 58. ஃப்ரிட்ஜ் ஒரு முறையும் நிற்கவில்லை.

ஆனால் கணக்கில் ஒன்று உதைத்தது. வீட்டுக்கு வந்து முழு சார்ஜ் போட்டபோது, ஷண்ட் கேட்டதைவிடக் குறைவாகவே பேட்டரி வாங்கிக்கொண்டது. வித்தியாசம் 11 ஆம்பியர்-மணி. சார்ஜ் திறன் எண்ணால் அவ்வளவு வராது. தேடிப் பார்த்தால், கூரையில் இருக்கும் 100 வாட் சூரியப் பலகையின் கன்ட்ரோலரிலிருந்து வரும் நெகட்டிவ், பழையபடி பேட்டரி முனையிலேயே மாட்டியிருந்தது. பலகை கொடுத்தது எதுவும் ஷண்டின் வழியே போகவில்லை. அதை மறுபக்கம் மாற்றிவிட்டேன்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 0.06 ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கிறது. இது கவலைப்பட வேண்டியதா?

உப்புக்காற்று

சூரியப் பலகையின் நெகட்டிவை நீங்களே கண்டுபிடித்ததில் மகிழ்ச்சி. 0.06 என்றால் நாளுக்கு 1.44 ஆம்பியர்-மணி, வண்டி ஒரு மாதம் நின்றால் 43. பயணத்தில் அது பொருட்டல்ல, நிறுத்திவைத்தால் பொருட்டு. ஒவ்வொரு ஃப்யூஸாக உருவி ஷண்டின் எண்ணைப் பாருங்கள். எப்போதும் உயிரோடு இருக்கும் யுஎஸ்பி சாக்கெட்டும், அதில் ஒளிரும் நீல விளக்கும் பெரும்பாலும் குற்றவாளிகள். அவற்றுக்கு ஒரு ஸ்விட்ச் வையுங்கள்.

மணல்தடம்

யுஎஸ்பி சாக்கெட்டேதான். இரண்டு இருந்தன, இரண்டின் ஃப்யூஸையும் உருவியதும் 0.06 என்பது 0.01 ஆனது. ஸ்விட்ச் போட்டுவிட்டேன்.

செம்புக்கம்பி

சரி. கரடுமுரடான பாதையில் முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் எல்லா லக்குகளின் இறுக்கத்தையும் பேட்டரியின் பிடிப்பட்டையையும் ஒரு முறை பாருங்கள். புதிய கிரிம்பும் புதிய போல்ட்டும் குலுங்கிக் குலுங்கி உட்காரும். அப்போதே முன்னும் பின்னும் நெகட்டிவ் இழப்பை மறுபடி அளந்து, இன்றைய எண்ணோடு சேர்த்து எழுதிவையுங்கள். அது என்றைக்காவது இரண்டு மடங்கானால், ஃப்ரிட்ஜ் நிற்பதற்கு முன்பே எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று தெரிந்திருக்கும்.